ஏற்றத்துத் தூக்கம்

போன வாரம் பாண்டியம்மா போனில் கூப்பிட்டாள். எஸ்டேட்டில் புது வேன் வாங்கியிருக்கிறார்களாம். மெத்தை வைத்த சீட்டு, மூடித் திறக்கிற கண்ணாடி ஜன்னல், ஏறி உட்கார்ந்ததும் பாட்டு வேறு பாடுகிறதாம்.

"நல்லதாப் போச்சு. இனிமே ராணி மாதிரி போயிட்டு வாங்க" என்றேன்.

"என்னத்த ராணி? வேன் வந்ததுலருந்து ஒருத்திக்கும் கண்ணு மூடலண்ணே" என்றாள்.

கேட்கிறவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். வேன் வாங்கிக் கொடுத்த முதலாளி கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெண்களின் தூக்கத்துக்கு என்ன மதிப்பு என்று எனக்குத் தெரியும். ஒரு காலத்தில் அதை நான் தொலைத்தேன். திரும்பக் கொண்டுவருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

என் பெயர் தங்கமாயன். உடும்பஞ்சோலைப் பக்கம் ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் ஜீப் டிரைவராக இருந்து இப்போதுதான் ஓய்வு பெற்றவன். தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து அங்கேயே வளர்ந்தேன். வண்டி ஓட்டக் கற்றுக்கொண்ட கதையில் விசேஷம் ஒன்றுமில்லை. கிளீனராகச் சேர்ந்தேன், உரமூட்டை ஏற்றினேன், இறக்கினேன். ஒரு நாள் டிரைவருக்குக் காய்ச்சல் வந்தது, சாவி என் கைக்கு வந்தது. அவ்வளவுதான்.

வேலை என்னவென்றால், விடியுமுன்னே காலி ஜீப்போடு போடிமெட்டு வழியாக மலையிறங்க வேண்டும். கீழே முந்தலுக்குப் பக்கத்தில் ஓர் ஊரில் காயெடுக்கும் பெண்கள் காத்திருப்பார்கள். அவர்களை ஏற்றிக்கொண்டு மறுபடி மலையேறித் தோட்டத்தில் விட வேண்டும். சாயங்காலம் கொண்டுபோய் இறக்கிவிட்டு நான் மட்டும் திரும்ப வேண்டும். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் என்று மட்டும் கேட்காதீர்கள். போலீஸ்காரர்களும் கட்டுரை படிப்பார்கள்.

ஏறுவதற்கு ஒரு முறை உண்டு. செல்விக்கு வளைவில் வாந்தி வரும், அதனால் அவள் முன்னால் கதவோரம். கனத்த உடம்புக்காரர்கள் நடுவில். பாண்டியம்மா எனக்கு நேர் பின்னால். இந்தச் செட்டுக்கு அவள்தான் தலைவி. யார் இன்றைக்கு வரவில்லை, யார் எங்கே உட்கார வேண்டும், மானேஜரிடம் எதைச் சொல்லலாம், எதை மறைக்கலாம், எல்லாம் அவள் வைத்ததுதான் சட்டம். என்னைவிட வயதில் இளையவள். ஆனால் எனக்கும் அவள்தான் மேலதிகாரி என்பது தோட்டத்துக்கே தெரியும். கால் நீட்ட இடமில்லாததால் ஒரு முழங்காலை மடக்கி என் சீட்டின் முதுகில் முட்டுக்கொடுத்து உட்காருவாள். அந்த முழங்கால் என் முதுகுக்கு நன்றாகப் பழக்கம்.

முந்தலில் சாமிக்கு ஒரு கும்பிடு போட்டு முதல் வளைவில் திரும்பியதும், தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு எல்லாரும் தூங்கிவிடுவார்கள். ஒருத்தி தோளில் ஒருத்தி, அவள் மடியில் இன்னொருத்தி. ஊரே உறங்கும்போது எழுந்து சோறாக்கி, குழம்பு வைத்து, பிள்ளைகளுக்கு எடுத்து வைத்து, தனக்கும் தூக்குவாளியில் போட்டுக்கொண்டு வருகிறவர்கள். வீட்டில் கிடைக்காத தூக்கம் அந்த ஏற்றத்தில்தான் கிடைக்கும். முழங்கால் தளர்ந்து என் முதுகை விட்டு விலகினால் பாண்டியம்மாவும் தூங்கிவிட்டாள் என்று அர்த்தம்.

அதற்குத் தகுந்தபடி நான் ஓட்டுவேன். வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்துவிடுவேன். வளைவுக்குள் போய்க் குறைத்தால் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கும், தலைகள் முட்டிக்கொள்ளும். முடிந்தவரை ஹாரன் அடிக்காமல் லைட்டை மட்டும் மினுக்குவேன். வாயைத் திறக்கவே மாட்டேன். மற்ற டிரைவர்கள் "இத்தனை பொம்பளைகளோட போறியே, பேச்சுத் தொணைக்குப் பஞ்சமில்ல" என்பார்கள். போடிமெட்டில் குளிர்காற்று முகத்தில் அடித்து அவர்கள் விழிக்கிறவரை என் வண்டியில் இன்ஜின் சத்தம் மட்டும்தான். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

எங்கள் மானேஜர் ஜோயி ஸார் அதை அறிந்தவர். கோட்டயம் பக்கத்துக்காரர். திட்டவே மாட்டார். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். ஒவ்வொரு டயரையும் செருப்புக் காலால் தட்டிப் பார்ப்பார். ஏதாவது பிடிக்கவில்லையென்றால் அந்த டயருக்குப் பக்கத்திலேயே நின்று வானத்தைப் பார்ப்பார். நாமே போய், "மாத்திடுறேன் ஸார்" என்று சொல்கிறவரை நகர மாட்டார். இறங்கி வருகிற பெண்கள் முகத்தில் தூக்கக் கலக்கம் இருந்தால் மட்டும், "சரி" என்று சொல்லிவிட்டுப் போவார். அவரிடம் அதற்கு மேல் பாராட்டை எதிர்பார்க்கக்கூடாது.

அப்படிப் போய்க்கொண்டிருந்த நாட்களில் ஒரு காலை, மலையேறும்போது, புலியூத்து என்கிற இடத்துக்குக் கொஞ்சம் மேலே, எனக்கு நெஞ்சைப் பிடித்தது. முதலில் வாயுப்பிடிப்பு என்று நினைத்தேன். பிறகு சட்டை நனைந்தது, இடது கை மரத்தது. எப்படியோ வண்டியை மலைப்பக்கமாக ஒதுக்கி, ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். வண்டி நின்றதும் பாண்டியம்மா கண்ணைத் திறந்தாள்.

"என்னண்ணே, மெட்டு வந்துருச்சா?"

"கல்லு வைங்க" என்றேன். ஏற்றத்தில் நிற்கிற வண்டிக்குப் பின்சக்கரத்தில் கல் வைப்பதுதான் மலைப்பாதையின் முதல் பாடம். அதைச் சொன்னதுதான் நினைவு. செல்வி குதித்துக் கல் வைத்தாளாம். கீழே இறங்கிய பால்வண்டியை மறித்து என்னை ஏற்றினார்களாம். ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது பாண்டியம்மா என் மனைவி முத்துமணியிடம் திரும்பத் திரும்ப ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள். "ஒண்ணுமே தெரியாமத் தூங்கிக்கிட்டுல்ல இருந்தோம் மதினி." எனக்காக வருத்தப்படுகிறாள் என்று நினைத்தேன். அதன் முழு அர்த்தம் பிறகுதான் விளங்கியது.

நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். ஸ்டியரிங் பக்கமே போகக்கூடாது என்றார் டாக்டர். ரெண்டு வருஷத்துக்கும் மேலே வீட்டில் இருந்தேன். முத்துமணி எஸ்டேட் ஸ்டோரில், உலர்ந்த காயைத் தரம் பிரிக்கும் வேலைக்குப் போவாள். நான் சோறாக்குவேன். என் சமையலைப் பற்றி அவள் இன்றுவரை வெளியே சொல்லாமல் இருப்பது அவளுடைய பெருந்தன்மை.

ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். வாசலில் உட்கார்ந்து ரோட்டில் போகும் ஜீப்பின் சத்தத்தை வைத்து, "மூணுல போறான், ரெண்டுல போகணும்" என்று சொல்லிக்கொண்டிருப்பேன். காலும் வலதும் இடதுமாகத் தரையை மிதிக்கும். முத்துமணி பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அந்த நாட்களில் நான் யார் என்றே எனக்குத் தெரியாமல் போனது. டிரைவர் என்று கூப்பிட்டவர்கள் எல்லாம், "ஒடம்பு தேவலையா?" என்று மட்டும் கேட்டுவிட்டு நகர்ந்தார்கள்.

இன்னொன்றும் நடந்தது. கல்யாணமான நாளிலிருந்து என் குறட்டையைச் சொல்லி என்னை வைதவள் முத்துமணி. ஆபரேஷனுக்குப் பிறகு, குறட்டை நின்றால் எழுந்து உட்கார்ந்து என் மூக்குக்கு நேரே விரலை வைத்துப் பார்க்க ஆரம்பித்தாள். "விட்டாலும் குத்தம், விடாட்டியும் குத்தமா?" என்றால், "பேசாமப் படுத்துக் கொறட்டைய விடுங்க. அப்பத்தான் எனக்குத் தூக்கம் வரும்" என்பாள்.

கடைசியில் ஒரு நாள் டாக்டர் என்னை ஓடும் பட்டையில் ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, வண்டி ஓட்டலாம் என்று சொன்னார். நான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போகவில்லை. நேராக ஜோயி ஸாரிடம் போனேன்.

அவர் சட்டென்று சாவியைக் கொடுத்துவிடவில்லை. முதலில் தோட்டத்துக்குள் உரமூட்டை, பிறகு விறகு, பிறகு மலைப்பாதையில் காலி வண்டி. ஒவ்வொன்றுக்கும் அவரே பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். குடையை முழங்கால்களுக்கு நடுவே ஊன்றிக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டே வருவார். இறங்கும்போது, "சரி." ஒரு மாதம் போல இப்படிப் போனது. பிறகு ஒரு நாள் சொன்னார்:

"எனிக்கு சம்மதம், கேட்டோ. ஆனா வண்டியில இருக்கிறது நானல்லல்லோ. அந்தப் பெண்ணுங்ககிட்ட கேளு."

சாயங்காலம் காயை நிறுத்துப் போட்டுவிட்டு ஸ்டோர் முற்றத்தில் நின்றவர்களிடம் போனேன். பெண் பார்க்கப் போன மாப்பிள்ளை மாதிரி நின்றேன். பாண்டியம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"எளச்சுப்போயிட்டியேண்ணே."

"வண்டி ஓட்டலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"டாக்டரா எங்ககூட ஏறப்போறாரு?" என்றாள். பிறகு மற்றவர்கள் முகத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "ஏறுறோம்ணே. ஒனக்குப் பதிலா வந்தவன் குலுக்குன குலுக்குல எங்க இடுப்பே போச்சு" என்றாள்.

மறுநாள் காலை எனக்கு இருந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது! வண்டியைத் துடைத்துச் சந்தனம் வைத்து இறக்கிக்கொண்டு போனேன். அவரவர் இடத்தில் ஏறினார்கள். முந்தலில் கும்பிட்டோம். முதல் வளைவில் திரும்பினோம். ஒருத்தியும் தூங்கவில்லை.

"அண்ணே, ராத்திரி என்ன சாப்பாடு?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"கோதுமைக் கஞ்சி."

அடுத்த வளைவில் இன்னொரு குரல். "தொட்டுக்க?"

"தொவையல்."

"என்ன தொவையல்ணே?"

எனக்கு உடம்பு சுகமானதில் இவர்களுக்கு இவ்வளவு அக்கறையா என்று உருகிப்போனேன். மூன்றாம் நாளும் இதே கதை. வளைவுக்கு ஒருத்தி என்று முறைபோட்டுக் கேட்கிறார்கள். நான் பதில் சொல்லக் கொஞ்சம் தாமதித்தால், "அண்ணே! அண்ணே!" என்று வண்டியே கத்துகிறது. கேள்வி தீர்ந்துபோய் ஒருத்தி, "அண்ணே, ஒம்பேரு என்ன?" என்றாள். எத்தனையோ வருஷமாக என் வண்டியில் வருகிறவள்! அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் உயிரோடு இருக்கிறேனா என்று வளைவுக்கு வளைவு பார்த்துக்கொள்கிறார்கள். பக்கத்தில் பார்த்தால் செல்வியின் கை ஹேண்ட் பிரேக்குக்கு மேலேயே இருக்கிறது. அதை எப்படி இழுக்க வேண்டும் என்று யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருக்கிறாள். என் முதுகில் பாண்டியம்மாவின் முழங்கால் கல்லு மாதிரி ஊன்றியிருந்தது.

சூடு கண்ட பூனை. அவர்களைக் குறை சொல்ல முடியுமா? ஒருமுறை கண்ணை மூடியிருந்தபோது சாவு பக்கத்தில் வந்துவிட்டுப் போயிருக்கிறது. இருந்தும் என் வண்டியில் ஏற மாட்டோம் என்று அவர்கள் சொல்லவில்லை. ஏறினார்கள், தூக்கத்தை விட்டுவிட்டு ஏறினார்கள். எனக்குக் கோபம் வந்தது, வெட்கமாகவும் இருந்தது. இரண்டையும் காட்ட முடியவில்லை. "தொவையல் தேங்காத் தொவையல்" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினேன்.

வாரங்கள் போயின. ஒரு நாள் செல்வி ஏலச்செடிக்கு அடியில் காயெடுத்துக்கொண்டிருந்தபடியே உட்கார்ந்து தூங்கிவிட்டாள். சூப்பர்வைசர் தோட்டம் முழுக்கக் கேட்கும்படி கத்தினான். ஏலக்காய் எடுப்பதில் கண்தான் முக்கியம். தரையோடு படர்ந்திருக்கும் சரத்தில் விளைந்த காயை மட்டும் பார்த்துக் கிள்ள வேண்டும், பிஞ்சைத் தொடக்கூடாது. பிஞ்சு உலர்ந்தால் சுருங்கிப்போகும், ஒன்றுக்கும் ஆகாது. எங்கள் செட்டுப் பெண்கள் எடுத்த காயில் பிஞ்சு கலந்து வர ஆரம்பித்தது. ஸ்டோரில் முத்துமணியே என்னிடம் வந்து சொன்னாள்.

ஜோயி ஸார் ஒரு சாயங்காலம் உள்ளங்கையில் ஒரு பிடி பிஞ்சை வைத்துக்கொண்டு அவர்கள் முன்னால் வந்து நின்றார். "இது எந்தா?" என்று கேட்டுவிட்டு வானத்தைப் பார்த்தார். நான் ஜீப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

பாண்டியம்மா தலையைக் குனிந்துகொண்டு, "கண்ணு சொருகுது ஸார். வயசாகுதுல்ல" என்றாள்.

வயசாம்! அவள் வாயிலிருந்து அந்தச் சொல் அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வந்ததில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கக்கூடாது என்று தன் தலையில் போட்டுக்கொண்டாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பானெட்டைத் திறந்து உள்ளே எதையோ பார்ப்பது போலக் குனிந்துகொண்டேன்.

அவர்களை இறக்கிவிட்டுத் திரும்பியதும் ஜோயி ஸாரின் மேசைமேல் சாவியை வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். "என்னால அவங்க வேலை போயிரும் ஸார். நான் வீட்டுலயே இருந்துக்கிறேன்."

அவர் சாவியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். குடை நுனியால் சாவியை என் பக்கம் தள்ளினார். "நாளைக்கு வேற ஆளில்ல. நாளைக்கு ஒரு நடை போய் வா. பின்னே பாக்கலாம், கேட்டோ."

ராத்திரி படுத்துக்கொண்டு முத்துமணியிடம் புலம்பித் தீர்த்தேன். அவளுக்கு அன்றைக்கு ஸ்டோரில் வேலை அதிகம். கண்ணை மூடியபடியே எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வழக்கமாகச் சொல்வதைத்தான் சொன்னாள். "பேசாமத் தூங்குங்க. நீங்க கொறட்டைய விட்டாத்தான் நான் தூங்க முடியும்."

எத்தனையோ தடவை கேட்ட பேச்சு. அன்றைக்குத்தான் அது காதைத் தாண்டி உள்ளே போனது.

மறுநாள் முந்தலில் கும்பிட்டு வண்டியை எடுத்ததும், யாரும் கேள்வி கேட்பதற்கு முன்னால் நானே வாயைத் திறந்தேன்.

"முந்தல் தாண்டியாச்சு. செக்போஸ்ட்டுல கூட்டம் இல்ல. இந்தா, ரெண்டாங்கியரு. வளைவு வருது. மேலருந்து லாரி எறங்குறான், எறங்கட்டும், நமக்கென்ன அவசரம்? போயிட்டான். இந்தா திரும்பியாச்சு. சொவத்துல கொரங்கு உக்காந்திருக்கு. குட்டியோட இருக்கு. நேத்தும் இதேதான் உக்காந்திருந்துச்சு..."

பின்னால் குபீரென்று சிரிப்பு. "அண்ணனுக்கு என்னமோ ஆயிருச்சுடி" என்றாள் ஒருத்தி. எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. வாயைத் திறக்காமல் ஓட்டுகிறவன் என்று பேர் எடுத்தவன், கிளி ஜோசியக்காரன் மாதிரி பேசிக்கொண்டு போகிறேன். நிறுத்தவில்லை. ஏறுகிற ஒவ்வொரு அடியையும் சொன்னேன். பனி, பாறை, எதிரே வருகிற பஸ், இன்ஜினின் இருமல், என் மாமியாரின் குணம், எதையும் விடவில்லை.

சிரிப்பு குறைந்தது. பிறகு பேச்சும் குறைந்தது. புலியூத்தைத் தாண்டும்போது ஓரக்கண்ணால் பார்த்தேன். செல்வியின் கை ஹேண்ட் பிரேக்கை விட்டு அவள் மடியில் கிடந்தது. தலை கதவுக் கம்பியில் சாய்ந்திருந்தது. தொண்டை வறண்டு எச்சில் விழுங்க ஒரு கணம் நிறுத்தினேன். முழங்கால் ஒரு குத்துக் குத்தியது.

"பேசுண்ணே" என்றாள் பாண்டியம்மா, கண்ணைத் திறக்காமலே.

பேசினேன். இரண்டு வளைவு தாண்டி அந்த முழங்கால் மெதுவாகத் தளர்ந்து என் முதுகை விட்டு விலகியது. என் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. துடைத்துக்கொண்டு, "இந்தா, அடுத்த வளைவு" என்றேன். இரண்டு வருஷத்துக்கு மேலே வீட்டில் கிடந்தவன் அன்றைக்குத்தான் வேலைக்குத் திரும்பினேன்.

தோட்டத்தில் பெண்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கினார்கள். ஜோயி ஸார் அவர்கள் முகத்தைப் பார்த்தார். "சரி" என்றார். சாவியைப் பற்றி அதன்பிறகு இருவரும் பேசவில்லை.

அதிலிருந்து ஓய்வு பெறுகிறவரை பேசிக்கொண்டேதான் ஓட்டினேன். சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு வெந்நீர் பிளாஸ்க் கட்டியிருந்தது. மற்ற டிரைவர்கள் என் வண்டிக்கு ரேடியோ ஸ்டேஷன் என்று பேர் வைத்தார்கள். வைத்துவிட்டுப் போகட்டும்.

போன வாரப் பேச்சுக்கு வருகிறேன். "புது டிரைவர் நல்லாத்தானே ஓட்டுறாரு?" என்று பாண்டியம்மாவிடம் கேட்டேன்.

"தங்கமான புள்ள. பூ மாதிரி ஓட்டுது. வாயத்தான் தொறக்க மாட்டேங்குது."

"அதான் பாட்டுப் பாடுதுல்ல?"

"டிரைவர் செத்தாலும் பாட்டு பாடும்லண்ணே" என்றாள். பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "நாளைக்கு முந்தல்ல ஏறுனதும் ஒனக்குப் போன் போடுறேன். எப்பவும் போலப் பேசிக்கிட்டு இரு."

"நானா வண்டி ஓட்டுறேன்? கிறுக்குப் புடிச்சுருச்சா ஒனக்கு?"

"எனக்கென்ன தெரியும்? கண்ணு மூடுனா எல்லாம் ஒண்ணுதான்" என்றாள்.

சொன்னபடியே மறுநாள் விடியும் நேரத்தில் போன் அடித்தது. கட்டிலில் எழுந்து உட்கார்ந்தேன். ஸ்பீக்கரில் போட்டிருப்பாள் போலிருக்கிறது, வேன் ஏறுகிற சத்தமும் பெண்களின் பேச்சும் சேர்ந்து கேட்டன. தொண்டையைக் கனைத்துக்கொண்டேன்.

"முந்தல் தாண்டியாச்சு" என்றேன். "இந்தா, ரெண்டாங்கியரு. வளைவு வருது..."

"ம்" என்றாள். அடுத்த வளைவுக்கும், "ம்." என் கணக்கில் புலியூத்துப் பக்கம் வருகிறபோது அந்த "ம்" வரவில்லை. காதை வைத்துக் கேட்டேன். பெண்களின் பேச்சும் இல்லை. சீரான மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. போனை வைத்துவிடலாம் என்று தோன்றியது. மனம் வரவில்லை. குரங்கைப் பற்றிச் சொன்னேன்.

முத்துமணி கட்டஞ்சாயாவோடு கதவைத் திறந்தாள். "விடிஞ்சும் விடியாம யார்கூடங்க பேச்சு?"

போனைக் கையால் பொத்திக்கொண்டேன்.

"சத்தம் போடாத" என்றேன். "வண்டி ஏத்தத்துல இருக்கு."